ஸ்லோவேனியாவில் பத்து நாள் கோடைப் பயணம்: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது

ஸ்லோவேனியாவின் பரப்பளவு 20,000 சதுர கி.மீ.க்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குகூட வராது. மக்கள் சுமார் 21 லட்சம். வரைபடத்தைப் பார்த்தால் மேற்கே இத்தாலி, வடக்கே ஆஸ்திரியா, கிழக்கே ஹங்கேரி, தெற்கே குரோவேஷியா என்று நாலு நாட்டுக்கு நடுவே இடுக்கி வைத்ததுபோல இருக்கும். "இத்தனூண்டு நாடுதானே, தலைநகரத்தில் அறை எடுத்துக்கொண்டு தினம் ஒரு இடம் போய் வந்துவிடலாம்" என்றுதான் எல்லாருக்கும் தோன்றும்.

முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். நாலு நாளில் ஏரி, குகை, கடல், மலை எல்லாம் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அதிகம் பார்த்தது வண்டி நிறுத்துமிடங்களைத்தான். இந்த நாட்டில் தூரம் குறைவு, ஆனால் மலைப்பாதையில் 40 கி.மீ. போக ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். அதோடு, நல்ல இடங்கள் எல்லாமே காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும்தான் அழகாக இருக்கும். தலைநகரத்திலிருந்து போய் வருபவர்கள் சரியாக அந்த இரண்டு வேளையையும் சாலையில் கழிப்பார்கள்.

இரண்டாவது முறை அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது திட்டத்தை மாற்றினேன். நாலு ஊரில் தங்கல், ஒரே திசையில் ஒரு சுற்று, மொத்தம் பத்து நாள். கீழே இருப்பது அந்தத் திட்டம்தான், நான் செய்த தப்புகளைத் திருத்தி.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஊரிலிருந்து கிளம்புபவர்களுக்கு முதல் சிக்கல் இங்கேதான். நம் கோடை விடுமுறை ஏப்ரல், மே. அவர்களுடைய கோடை ஜூனில்தான் ஆரம்பிக்கும். ஏப்ரலில் போனால் உயரமான மலைக்கணவாய்களில் பனி இன்னும் கிடக்கலாம், சாலை திறக்காமலும் இருக்கலாம். ஏரியில் இறங்க முடியாத குளிர் இருக்கும். மேய்ச்சல் மலைகளுக்கு மாடுகளே ஜூன் நடுவில்தான் ஏறும். மே கடைசி வாரம் என்றால் ஓரளவு பரவாயில்லை.

தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களுக்கு என் பரிந்துரை ஜூன் பின்பாதி, இல்லாவிட்டால் செப்டம்பர் முன்பாதி. ஐரோப்பாவில் வசித்து, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் தவிர வழியில்லை. அப்போது கூட்டம் அதிகம், விலையும் அதிகம். மலைப்பகுதியில் பிற்பகல் இடிமழையும் வழக்கம். காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும், மூன்று மணிக்கு மேல் கறுத்துக்கொண்டு வரும். ஆகவே மலை ஏறுவது, கேபிள் கார் போவது எல்லாம் காலையில் முடிந்துவிட வேண்டும்.

ஜூன் 25 அவர்களுடைய தேசிய நாள். 1991-ல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து விடுதலை அறிவித்த நாள் அது. ஆகஸ்ட் 15-ம் அங்கே விடுமுறைதான், மாதா விண்ணேற்புத் திருநாள். இந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம், விடுமுறை நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரும்பாலான கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையே பால், ரொட்டி, பழம் வாங்கி வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் பெட்ரோல் பங்க் கடைதான் கதி.

படி 2: விசாவும் விமானமும்

ஸ்லோவேனியா ஷெங்கன் நாடு (ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று), பணம் யூரோ. இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்கும் ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆகவே கோடைக்குப் போவதென்றால் பிப்ரவரி, மார்ச்சில் வேலையைத் தொடங்குங்கள். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். வெனிஸில் நாலு இரவு, ஸ்லோவேனியாவில் மூன்று இரவு என்று போட்டுவிட்டு ஸ்லோவேனியாவிடம் விசா கேட்டால் தகராறுதான்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. இஸ்தான்புல் வழியாகத் தலைநகரமான லூப்லியானாவில் இறங்குவது ஒரு வழி. டிக்கெட் விலை கூடுதலாக இருந்தால் வெனிஸ், வியன்னா, குரோவேஷியத் தலைநகரமான ஸாக்ரெப் மூன்றையும் பாருங்கள். ஸாக்ரெப்பிலிருந்து லூப்லியானாவுக்கு 140 கி.மீ.தான், வெனிஸிலிருந்து சுமார் 240. குரோவேஷியாவும் 2023 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் எல்லையில் விசா தொல்லை இல்லை.

படி 3: காரா, பேருந்தா?

லூப்லியானா, பிளெட், போஹின் ஏரிகள், பொஸ்தொய்னா குகை, கடலோரப் பீரான் வரை பேருந்தும் ரயிலும் போதும். மலைகளுக்கு நடுவே சோச்சா ஆறு ஓடும் பள்ளத்தாக்குக்குக் கார் இருந்தால்தான் நன்றாக இருக்கும். கார் என்றால் நம் ஊர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அங்கே வலதுபக்க ஓட்டம். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம்.

நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி கிடையாது, அதற்குப் பதில் விக்னெட் என்ற முன்கட்டணம். இப்போது ஸ்டிக்கர் இல்லை, வண்டி எண்ணை இணையத்தில் பதிவு செய்தால் போதும். காருக்கு ஒரு வாரத்துக்குச் சுமார் 16 யூரோ. இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 300 யூரோவில் தொடங்கும். அங்கேயே எடுக்கும் வாடகைக் காரில் அது பெரும்பாலும் இருக்கும், சாவி வாங்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெனிஸிலோ ஸாக்ரெப்பிலோ கார் எடுத்து வருபவர்கள்தான் இதில் மாட்டுவார்கள்.

லூப்லியானாவில் இருக்கும் நாட்களுக்குக் கார் வேண்டாம். ஊரை விட்டுக் கிளம்பும் அன்று காலையில் எடுத்தால் போதும்.

படி 4: லூப்லியானா, இரண்டு இரவு

முடிந்தால் வியாழக்கிழமை வந்து இறங்குங்கள். காரணம் வெள்ளிக்கிழமைச் சந்தை. மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் வரை, மழை இல்லாத வெள்ளிகளில், பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்திலுள்ள பொகாச்சார் சதுக்கத்தில் உணவகங்கள் வரிசையாகக் கடை போடும். 'திறந்த சமையலறை' என்று பெயர். கண்ணெதிரே சமைத்துத் தட்டில் போட்டுத் தருவார்கள். நாட்டின் எல்லா மூலைச் சாப்பாட்டையும் ஒரே இடத்தில் ருசி பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

நகர மையத்துக்குள் 2007-லிருந்து கார்கள் இல்லை. நடக்க முடியாத பெரியவர்களுக்கு 'கவலிர்' என்ற சிறிய மின்வண்டி இலவசமாக ஓடுகிறது. அம்மா அதில் மூன்று முறை ஏறினார், மூன்றாவது முறை நடக்க முடியாமல் இல்லை, பிடித்துப்போய்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். யோஜே ப்ளெச்னிக் என்ற கட்டடக்கலைஞர். ஆற்றின் குறுக்கே ஏற்கனவே ஒரு கல்பாலம் இருந்தது. அதை இடித்து அகலப்படுத்தாமல், 1929 முதல் 1932 வரை அதன் இரண்டு பக்கமும் நடப்பவர்களுக்கென்று இன்னும் இரண்டு பாலத்தை விசிறிபோல விரித்துக் கட்டினார் அவர். அதுதான் முப்பாலம். ஆற்றோரச் சந்தையின் தூண் வரிசை, படித்துறைகள், தேசிய நூலகம் என்று ஊர் முழுக்க அவர் கைவண்ணம். 2021-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாலையில் நம் ஊர்த் திண்ணையில் உட்காருவதுபோல ஜனங்கள் அந்தப் படித்துறைகளில் உட்கார்ந்திருப்பார்கள்.

1901-ல் கட்டிய டிராகன் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு புகைப்படத்துக்கு மேல் வேலை இல்லை. மலைக்கோட்டைக்கு இழுவை ரயில் உண்டு. கோட்டைக்குள்ளே பார்ப்பதைவிட மேலிருந்து ஊரைப் பார்ப்பதுதான் நன்றாக இருக்கும்.

படி 5: பிளெட்டில் அரை நாள், போஹினில் மூன்று இரவு

எல்லாரும் பிளெட்டில் தங்குவார்கள். நான் வேண்டாம் என்பேன். அழகில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஏரி, நடுவே தீவு, தீவில் ஒரு மாதா கோயில், கரையில் செங்குத்துப் பாறைமேல் கோட்டை. ஆனால் பத்து மணியானால் அந்த அழகைச் சுற்றிச் சுற்றுலாப் பேருந்துகள் வளைத்துவிடும்.

எனவே லூப்லியானாவிலிருந்து விடியற்காலையில் கிளம்பி ஏழரைக்குள் பிளெட் போய்விடுங்கள். ஏரியைச் சுற்றி 6 கி.மீ. சமதளப் பாதை. அதை முழுவதும் நடக்கலாம். தென்மேற்குக் கரைக்கு மேலே ஓஸ்ட்ரிட்சா, மாலா ஓசோய்னிட்சா என்று இரண்டு குன்றுகள். பத்திரிகைகளில் வரும் படம் எல்லாம் அங்கிருந்து எடுத்ததுதான். ஓஸ்ட்ரிட்சாவுக்கு ஏற அரை மணி நேரம் ஆகும், கொஞ்சம் செங்குத்து.

தீவுக்குப் போக 'பிளெட்னா' என்ற மரப்படகு. ஓட்டுபவர் நின்றுகொண்டே இரண்டு துடுப்பால் தள்ளுவார். இந்த உரிமை தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களிடமே இருக்கிறது. இறங்கினால் 99 படிக்கட்டு. மாப்பிள்ளை மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்பது அங்கே வழக்கம். மேலே மணியை இழுத்து ஆடியபடி ஏதாவது வேண்டிக்கொள்ளலாம். பிறகு கரைக்கு வந்து கிரெம்னா ரெசினா என்ற கேக் சாப்பிடுங்கள். மேலும் கீழும் மொறுமொறு அடுக்கு, நடுவே மஞ்சளாக முட்டைக் கஸ்டர்டு, அதற்குமேல் நுரைக்க அடித்த கிரீம். 1953 முதல் இதே அளவில் சதுரமாக வெட்டித் தருகிறார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் தவிர்க்க வேண்டியதுதான்.

வின்ட்கார் பள்ளம் பிளெட்டிலிருந்து 4 கி.மீ. பாறை இடுக்கில் ஓடும் ரதோவ்னா ஆற்றுக்கு மேலே மரப்பலகை நடைபாதை, 1.6 கி.மீ. நீளம். 1893-லேயே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நேரம் குறித்த சீட்டு, இணையத்திலேயே வாங்கிவிட வேண்டும். கோடையில் ஒருவழிப் பாதை, திரும்பி வருவது காட்டு வழியே ஏற்றத்தில். இந்த விஷயம் தெரியாமல் செருப்போடு போனேன். திரும்பி வரும்போது ஒரு பாட்டி என்னை முந்திக்கொண்டு போனார்.

பிற்பகலில் போஹினுக்கு வந்துவிடுங்கள். 26 கி.மீ.தான், ஆனால் வேறு உலகம். நாட்டின் மிகப்பெரிய நிரந்தர ஏரி, 4 கி.மீ.க்கு மேல் நீளம். மோட்டார் படகு ஓட்டத் தனியாருக்கு அனுமதியில்லை. கரையில் ஓட்டல் கூட்டம் இல்லை. ஏனென்றால் இது நாட்டின் ஒரே தேசியப் பூங்காவான த்ரிக்லாவ் பூங்காவுக்குள் இருக்கிறது. ஆகஸ்டில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டும், தாராளமாக இறங்கலாம். கூழாங்கல் கரை என்பதால் ரப்பர் செருப்பு அவசியம்.

முதல் காலை வோகெல் கேபிள் கார். 1,535 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். வானம் தெளிவாக இருந்தால் எதிரே 2,864 மீட்டர் உயர த்ரிக்லாவ் தெரியும். ஸ்லோவேனியர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறையாவது அதன் உச்சியில் ஏற வேண்டும் என்பார்கள். நாட்டுக் கொடியிலும் அந்த மலைதான். நாம் கீழிருந்து கும்பிட்டால் போதும்.

இரண்டாவது காலை சாவிட்சா அருவி, 78 மீட்டர். ஐந்நூற்றுக்கு மேல் படி ஏற வேண்டும். அம்மாவை முதல் நூறு படியிலேயே ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத்தான் நான் போனேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாற்று, மோஸ்ட்னிட்சா ஆற்றுப் பள்ளம். ஸ்டாரா ஃபுஜினா கிராமத்திலிருந்து மெதுவாக ஏறும் பாதை. பாதி வழியில் தண்ணீர் குடைந்து குடைந்து, துதிக்கையை ஆற்றில் விட்டு நிற்கும் யானைபோல ஒரு பாறை. அந்த ஊர்க்காரர்களே அதைக் 'குட்டியானை' என்றுதான் சொல்கிறார்கள். யானையே இல்லாத நாட்டில் ஒரு பாறைக்கு அந்தப் பெயர் வைத்திருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

மலைப்பாதைகளில் மரத்திலும் பாறையிலும் சிவப்பு வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி வரைந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தப்பாது. ரொம்ப நேரமாகப் புள்ளி கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். அவசர உதவிக்கு 112. ஒன்று மறக்கக் கூடாது: காட்டிலோ கரையிலோ கூடாரம் போட்டுத் தங்குவதும், காருக்குள் இரவு தூங்குவதும் இங்கே அபராதத்துக்குரியவை.

படி 6: விர்ஷிச் கணவாய் தாண்டிச் சோச்சா, இரண்டு இரவு

பயணத்தின் உச்சம் இதுதான். ஒரு நாள் குறைக்க வேண்டிய நிலை வந்தால் வேறு எங்கேயாவது குறையுங்கள்.

போஹினிலிருந்து பிளெட் வழியாகத் திரும்பி கிராஞ்ஸ்கா கோரா வாருங்கள். ஊருக்கு வெளியே யாஸ்னா ஏரி. கரையில் வளைந்த கொம்போடு ஒரு மலையாட்டுச் சிலை நிற்கும். ஸ்லாட்டொரோக், பொற்கொம்பன். அவன் ரத்தம் சிந்திய இடத்தில் பூத்த பூவைத் தின்று மறுபடி உயிர்பெற்றதாக இந்த மலைகளின் பழங்கதை.

அங்கிருந்து 1,611 மீட்டர் உயரக் கணவாய்க்கு ஏற்றம். மொத்தம் 50 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் உயரமும் எழுதிய பலகை உண்டு. ஏறும் பக்கத்து 24 வளைவுகளும் கல் பாவியவை. மழையில் வழுக்கும், இரண்டாவது கியரிலேயே ஏற வேண்டும். ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள், அதற்குமேல் மோட்டார் சைக்கிள்களும் மிதிவண்டிகளும் கேரவன்களும் சேர்ந்துகொள்ளும்.

எட்டாவது வளைவில் நிறுத்தி, கொஞ்சம் மேலே நடந்தால் காட்டுக்குள் மரத்தாலான சிறிய ரஷ்யத் தேவாலயம். முதல் உலகப் போரில் இந்தச் சாலையைப் போட்டவர்கள் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையிடம் சிறைப்பட்ட ரஷ்ய வீரர்கள். சோச்சா போர்முனைக்குத் தளவாடம் போக வேண்டுமென்று குளிர்காலத்திலும் பனியை வாரச் சொன்னார்கள். 1916 மார்ச்சில் பனிச்சரிவு நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிற்று. உயிர் தப்பியவர்கள் கட்டியது இந்தத் தேவாலயம். இதைத் தெரிந்துகொண்டு மேலே போனால் மீதி வளைவுகள் வேறு மாதிரி தெரியும்.

மறுபக்கம் 26 வளைவு இறக்கம். கீழே ட்ரென்டா பள்ளத்தாக்கு, அங்கேதான் சோச்சா பிறக்கிறது. ஊற்றைப் பார்க்க இருபது நிமிட நடை, கடைசித் துண்டில் பாறையில் அடித்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை விட்டுவிடலாம். இன்னும் கீழே, சாலையோரத்திலேயே 'பெரிய இடுக்கு' என்ற இடம் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையை ஆறு 750 மீட்டர் நீளத்துக்கு அறுத்து வைத்திருக்கிறது. அந்த நிறத்துக்கு மரகதம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது பச்சைக் கற்பூர டப்பாவின் கண்ணாடிபோல இருந்தது, வெயில் பட்டால் உள்ளிருந்து எரிகிற பச்சை. காலை வைத்தால் ஐந்து எண்ணுவதற்குள் மரத்துப்போகும். நீந்த நினைக்காதீர்கள்.

தங்குவதற்கு பொவெட்ஸ் அல்லது கோபாரிட். ராஃப்டிங், கயாக் வேண்டுமென்றால் பொவெட்ஸ். நான் கோபாரிட் என்பேன். 1915 முதல் 1917 வரை இத்தாலிக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரிக்கும் இந்த ஆற்றோரத்தில் பன்னிரண்டு சண்டை நடந்தது. கடைசிச் சண்டையில் இத்தாலியப் படை உடைந்த இடம் கோபாரிட். ஊரில் இருக்கும் சிறிய போர் அருங்காட்சியகம் 1993-ல் ஐரோப்பிய மன்றத்தின் அருங்காட்சியக விருதைப் பெற்றது. வெற்றிப் பெருமை எதுவும் இல்லாமல் குளிரையும் பசியையும் காட்டுகிற இடம். பார்த்துவிட்டு மாலையில் கோஸ்யாக் அருவிக்கு நடந்து போங்கள். 15 மீட்டர்தான். ஆனால் மூன்று பக்கமும் மூடிய, குகை மாதிரியான பாறை அறைக்குள் விழுகிறது.

கணவாயில் கார் ஓட்டப் பயப்படுபவர்களுக்கு ஒரு குறுக்குவழி. போஹின்ஸ்கா பிஸ்ட்ரிட்சா நிலையத்தில் காரோடு ரயிலில் ஏறி, 6 கி.மீ.க்கு மேற்பட்ட மலைச் சுரங்கத்தைத் தாண்டி மோஸ்ட் நா சோச்சியில் இறங்கலாம். 1906-ல் திறந்த பழைய பாதை. ஒரு நாளைக்குச் சில முறைதான் ஓடும், நேரத்தை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: குகையும் கடலும், இரண்டு இரவு

கோபாரிடிலிருந்து தெற்கே இறங்கும் வழியில் சோல்கான் ரயில் பாலம் வரும். 85 மீட்டர் அகல ஒரே கல்வளைவு, கல்லால் கட்டிய ரயில் பாலங்களில் உலகிலேயே மிகப் பெரிய வளைவு. அடுத்தது நோவா கோரிட்சா. ரயில் நிலைய வாசல் சதுக்கத்தின் நடுவே நாட்டு எல்லை ஓடுகிறது. ஒரு கால் இத்தாலியில், ஒரு கால் ஸ்லோவேனியாவில் வைத்து நிற்கலாம். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். ஜூனில் போனால் பக்கத்து பிர்தா குன்றுகளில் செர்ரி காலம், சாலையோரத்தில் கூடை கூடையாக விற்பார்கள்.

குகைக்கு வருவோம். பொஸ்தொய்னாவா, ஷ்கோத்சியானா என்ற கேள்வி எல்லாரிடமும் வரும். பொஸ்தொய்னாவில் ரயில் உண்டு, 1872-லேயே தண்டவாளம் போட்டார்கள். நடை குறைவு, தரை சமம். வெளிர் ரோஜா நிறத்தில், கண் தெரியாத 'மனித மீன்' என்ற நீர்ப்பல்லியைத் தொட்டியில் பார்க்கலாம். நூறு வயது வரை வாழும், உணவில்லாமல் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பிள்ளைகள், பெரியவர்கள் இருந்தால் இதுதான் சரி. கூடவே 9 கி.மீ.யில் ப்ரெடியாமா கோட்டை, பாறைக் குகையின் வாயில் சொருகி வைத்தாற்போல் இருக்கும். எராஸ்மஸ் என்ற கொள்ளைக்காரப் பிரபு அதற்குள் இருந்துகொண்டு ஒரு வருடத்துக்கு மேல் முற்றுகையைத் தாங்கினானாம். குகை வழியாக உணவு வந்துகொண்டிருந்தது, வெளியே நின்ற படைமேல் செர்ரிப் பழத்தை வீசிக் கேலி செய்வானாம். கடைசியில் வேலைக்காரன் காட்டிக்கொடுக்க, கழிப்பறையில் இருக்கும்போது பீரங்கிக் குண்டு விழுந்து செத்தான் என்பது கதை.

ஷ்கோத்சியானில் ரயில் இல்லை, விளக்கு அலங்காரம் இல்லை, உள்ளே படமெடுக்கவும் விட மாட்டார்கள். சுமார் 3 கி.மீ. நடை, நிறையப் படி. இருந்தும் முழங்கால் ஒத்துழைத்தால் நான் இதையே சொல்வேன். முதல் பாதி சாதாரணக் குகை. திடீரென்று தூரத்தில் இரைச்சல் கேட்கும். ஒரு திருப்பத்தில் பாறை விலகி, காலடியில் ஒரு முழுப் பள்ளத்தாக்கே பூமிக்குள் இருக்கும். அடியில் ரேகா ஆறு. அதற்கு மேலே சுமார் 45 மீட்டர் உயரத்தில் ஒரு குறுகிய பாலம். எதிர்ச்சுவரில் நடக்கிறவர்களின் விளக்கு மின்மினிபோலத் தெரியும். இந்த ஆறு இப்படியே பூமிக்குள் ஓடி, இத்தாலியில் கடலோரமாய் வெளியே வருகிறது. 1986 முதல் உலகப் பாரம்பரிய இடம். இரண்டு குகையிலும் கோடையிலும் 10, 12 டிகிரிதான். வெளியே 32 டிகிரியில் இருக்கும்போது ஸ்வெட்டர் நினைவுக்கே வராது, அதனால் இரவே காரில் போட்டுவிடுங்கள்.

தங்கல் பீரானில். ஸ்லோவேனியாவுக்கு மொத்தமே 47 கி.மீ. கடற்கரைதான், அதில் ஒரு மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் வெனிஸ் காலத்து ஊர். கார் உள்ளே போகாது, வெளியே கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு இலவசப் பேருந்தில் போக வேண்டும். மணல் கரை எதிர்பார்க்காதீர்கள். கான்கிரீட் ஓரத்தில் துண்டை விரித்து, ஏணியைப் பிடித்துக் கடலில் இறங்குவார்கள். சாயங்காலம் மேலேயுள்ள பழைய மதிலுக்கு ஏறினால் செங்கூரைகளும் கடலும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

மறுநாள் காலை செச்சோவ்லியே உப்பளம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் "உப்பளத்தைப் பார்க்க இவ்வளவு தூரமா?" என்று கேட்கலாம். நானும் அந்த நினைப்போடுதான் போனேன். பாத்தி, வரப்பு, வாய்க்கால் எல்லாம் நம் ஊர் மாதிரியே. ஆனால் குனிந்து பாத்தியின் தரையைப் பார்த்தபோது அது சேறாக இல்லை. 'பெட்டோலா' என்கிறார்கள், பாசியும் நுண்ணுயிரும் ஜிப்சமும் சேர்ந்து உறைந்த மெல்லிய படுகை. பதினான்காம் நூற்றாண்டிலிருந்து இந்தத் தோலைப் பாத்தியில் வளர்த்துப் பேணுகிறார்கள். சேறு உப்பில் கலக்காமல் அது தடுக்கிறது. அதனால்தான் உப்பு அப்படி வெள்ளை. 'கவேரோ' என்ற மரத் தள்ளுபலகையால் தோல் கிழியாமல் உப்பை இழுத்துக் குவிக்க வேண்டும். அந்தப் பெரியவர் கை அழுந்தாமல் இழுத்ததைப் பார்த்தால், தோசைக்கல்லில் ஓரம் எடுப்பது போல இருந்தது. மரபுப்படி ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பருவம். மழை பெய்தால் வேலை நின்றுவிடும்.

லிப்பிட்சா குதிரைப் பண்ணை வழியில்தான் இருக்கிறது. 1580-ல் தொடங்கியது. குட்டிகள் கறுப்பாகப் பிறந்து வளர வளர வெள்ளையாகும். குதிரை பிடித்தவர்களுக்கு மட்டும்.

படி 8: மிச்சமிருக்கும் ஒரு நாள்

பீரானிலிருந்து விமான நிலையப் பக்கம் திரும்பும்போது கையில் ஒரு நாள் மிஞ்சும். மழை என்றால் கிழக்கே மரிபோர் போகலாம். நானூறு வருடத்துக்கு மேல் வயதான திராட்சைக் கொடி ஒன்று அங்கே இன்னும் காய்க்கிறது. வானம் தெளிவென்றால் யோசிக்காமல் காம்னிக் ஊருக்கு மேலே உள்ள வேலிகா ப்ளானினா.

கேபிள் கார் ஏறிப் போனால் மேலே புல்வெளி மேடு. கூரை தரைவரை தொங்கும் மரக் குடிசைகள் சிதறி நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இடையர்கள் மாடுகளோடு மேலேயே இருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் எரிந்துபோனதைத் திரும்பக் கட்டியவை இந்தக் குடிசைகள். சிலவற்றில் சாப்பாடு கிடைக்கும். எங்களுக்கு ஒரு மண்சட்டியில் உறைந்த பாலும், ஒரு கிண்ணத்தில் மரக்கோதுமைக் (பக்வீட்) களியும் வந்தது. அங்கே இவற்றின் பேர் 'கிஸ்லோ ம்லேகோ', 'ஜ்கான்ட்சி'. அம்மா ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, "இது நம்ம தயிருதான், உறைய விட்டவ கொஞ்சம் அவசரப்பட்டுட்டா" என்றார். களி உதிரியாக இருந்ததில் அவருக்கு வருத்தம், ஆனால் சட்டி காலியானது.

சைவச் சாப்பாடு, சில சொற்கள்

அந்தக் களியைக் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. மேலே பன்றிக் கொழுப்புப் பொரியல் தூவுவது வழக்கம். 'ப்ரெஸ் மெசா' என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் கொழுப்பையும் துண்டு பேக்கனையும் சிலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'ப்ரெஸ் ஒட்ஸ்விர்கோவ்' என்று தனியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் இறைச்சி இல்லாமல் கிடைப்பது ஷ்ட்ருக்லி, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி வேகவைத்தது (முட்டை சேர்ந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்), இனிப்பிலும் காரமில்லா உப்பிலும் கிடைக்கும். 'யோட்டா' சூப் பெரும்பாலும் பன்றியோடுதான். குழாய்த் தண்ணீர் எங்கும் குடிக்கலாம், பாட்டில் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள்.

'தோபெர் தான்' வணக்கம், 'ஹ்வாலா' நன்றி. இன்னொன்று, பயணத்துக்குத் தேவையில்லாதது. தமிழில் ஒருமையும் பன்மையும்தான் உண்டு. அவர்கள் மொழியில் இருவருக்கென்றே தனி எண் இருக்கிறது, சமஸ்கிருதத்தில் இருப்பதுபோல. 'நாங்கள் இருவர்' என்பதற்கு 'மித்வா' என்று ஒரே சொல். நானும் அம்மாவும் எங்கே போய் மேஜை கேட்டாலும் கடைக்காரர்கள் இருமையில்தான் பேசினார்கள். அது எங்களுக்குப் புரியவே ஒரு வாரம் ஆனது.

வாங்கி வருவதென்றால் செச்சோவ்லியே உப்பும் காட்டுத் தேனும். தேனைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். எங்கள் முதல் ஜாடி அப்படித்தான் போனது. உப்பு ஊருக்கு வந்து சேர்ந்தது, இப்போது மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள மட்டும் அம்மா எடுக்கிறார்.